அடுத்து எந்த நிலம் கெடும்? வரைபடம் அதை எப்படிக் கணிக்கிறது

இந்தியாவில் பாதிக்கு மேல் நிலம் கெட்டுப்போன மாநிலங்கள் எவை என்று கேட்டால் ராஜஸ்தானையும் குஜராத்தையும் யாரும் சொல்லிவிடுவார்கள். இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் அகமதாபாத்தில் இருக்கிறது. அது 2016-ல் வெளியிட்ட வரைபடத் தொகுப்பு, அந்த இரண்டோடு டெல்லி, ஜார்க்கண்ட், கோவா ஆகிய மூன்றையும் சேர்க்கிறது. கோவாவா? ஜூன் பிறந்தால் மழை விடுவதே இல்லை, மணல் என்று பார்த்தால் கடற்கரையில்தான் இருக்கிறது. அங்கே ஏது பாலைவனம்?

குழப்பம் 'பாலைவனமாதல்' என்ற பெயரைக் கேட்டதும் நம் மனதில் வரும் படத்திலிருந்து வருகிறது. மணல்மேடு ஒன்று நகர்ந்து வந்து வயலை மூடுவதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படியும் சில இடங்களில் நடக்கிறதுதான். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போகிறது. காடு மெலிந்து புதராகிறது. பாசன நிலத்தில் உப்புப் பூக்கிறது. சுரங்கம் தோண்டிய இடம் மூடாமல் கிடக்கிறது. நிலம் முன்பு கொடுத்ததைக் கொடுக்க முடியாமல் போகும் இந்த எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் நிலச் சீரழிவு. அது வறண்ட பிரதேசத்தில் நடந்தால் அதற்குப் பாலைவனமாதல் என்று பெயர். 1994-ல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐ.நா. உடன்படிக்கை இப்படித்தான் வகுத்திருக்கிறது: வறண்ட, அரை வறண்ட, ஓரளவு ஈரமுள்ள வறண்ட பகுதிகளில், தட்பவெப்ப மாற்றங்களாலும் மனிதச் செயல்களாலும் ஏற்படும் நிலச் சீரழிவு. கோவாவுக்கு முதல் பெயர் பொருந்தும், இரண்டாவது பொருந்தாது.

வறண்ட பகுதி எது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஓர் இடத்தில் ஆண்டுக்கு எவ்வளவு மழை பெய்கிறது என்று பாருங்கள். அப்புறம், தண்ணீர் தட்டுப்பாடே இல்லாமல் இருந்தால் அங்கே அடிக்கும் வெயிலும் காற்றும் செடிகளும் சேர்ந்து ஆண்டுக்கு எவ்வளவு நீரை ஆவியாக்கும் என்று பாருங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வருவது வறட்சிக் குறியீடு. 800 மில்லிமீட்டர் மழையும் 1,600 மில்லிமீட்டர் ஆவியாகும் திறனும் என்றால் விடை 0.5. இது 0.65-க்குக் கீழே இருந்தால் வறண்ட நிலக் குடும்பத்தில் சேரும். 0.5-க்கும் 0.2-க்கும் இடையில் அரை வறண்டது, 0.2-க்குக் கீழே வறண்டது, 0.05-க்குக் கீழே முழுப் பாலை. இதில் மழையின் அளவு மட்டும் போதாது, வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் நல்ல மழை பெய்யும் பல சமவெளி மாவட்டங்கள் அரை வறண்ட வகைக்குள் வந்துவிடுவதற்கு அதுதான் காரணம்.

சரி, நாட்டின் மொத்தக் கணக்கு என்ன? 2003-05 காலத்தில் இந்தியாவில் சீரழிவுக்கு உள்ளான நிலம் 9 கோடியே 45 லட்சம் ஹெக்டேர். 2018-19-ல் அது 9 கோடியே 78 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. நாட்டின் பரப்பில் 29.77 சதவீதம், அதாவது பத்து ஏக்கருக்கு மூன்று ஏக்கர். தமிழ்நாட்டில் மாநிலப் பரப்பில் சுமார் 12 சதவீதம். மற்றவர்களோடு ஒப்பிட்டால் பரவாயில்லை ரகம். நாடு முழுவதும் பார்த்தால் மிகப் பெரிய காரணம் மழைநீர் அரிப்பு. அடுத்தது தாவரப் போர்வை மெலிவது. காற்று மூன்றாவது இடத்தில்தான் வருகிறது.

இருப்பதும் வரப்போவதும்

இதுவரை சொன்னது எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. இந்த வகைப் படத்தை நிலைமை வரைபடம் என்று வைத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, களத்தில் போய்ச் சரிபார்த்து, இங்கே இந்த வகைச் சீரழிவு, இந்தத் தீவிரத்தில் இருக்கிறது என்று குறிப்பார்கள். அந்தத் தொகுப்பைப் புரட்டினால் ஒவ்வொரு துண்டு நிலத்தின் மேலும் ஒரு குறி இருக்கும். முதல் எழுத்து நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பதை, அதாவது மானாவாரியா, இறவையா, காடா, புதர்க்காடா என்பதைச் சொல்லும். இரண்டாவது எழுத்து எதனால் கெடுகிறது என்பதை, நீரா, காற்றா, உப்பா, தாவர மெலிவா என்பதைச் சொல்லும். கடைசியில் தீவிரத்துக்கு ஓர் எண்.

நம் கேள்வி வேறு. இன்று நன்றாக இருக்கும் நிலத்தில் எது நாளை சுலபமாகக் கெடும்? சர்க்கரை நோய் இருக்கிறது என்பதும், அப்பாவுக்கு இருந்தது, எடை கூடிவிட்டது, நடப்பதே இல்லை, அதனால் வர வாய்ப்பு அதிகம் என்பதும் வேறு வேறு அல்லவா? இரண்டாவது வகைக் கேள்விக்கு வரைவதுதான் பாதிப்பு வாய்ப்பு வரைபடம். ஆங்கில நாளிதழ்களும் சரி, நம் நாளிதழ்களும் சரி, இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது வழக்கம். சிவப்பாக ஒரு மாவட்டத்தைப் பார்த்தவுடன் 'பாலைவனமாகிறது' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சிவப்பு 'கெட்டுவிட்டது' என்கிறதா, 'கெடக்கூடும்' என்கிறதா என்பது படத்தின் ஓரத்தில் உள்ள விளக்கக் கட்டத்தில்தான் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

லெஸ்வோஸ் தீவில் பிறந்த கணக்கு

பாதிப்பு வாய்ப்பைக் கணக்கிட உலகில் அதிகம் கையாளப்படும் முறை மத்தியதரைக் கடல் ஓரத்தில் உருவானது. 1990-களில் ஐரோப்பிய ஆணையத்தின் நிதியில் நடந்த மெடாலஸ் என்ற ஆய்வுத் திட்டம் அதை வகுத்தது. 1999-ல் கையேடாக வந்தது. சோதித்துப் பார்த்த இடங்களில் முக்கியமானவை மூன்று: கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவு, இத்தாலியின் அக்ரி ஆற்றுப்படுகை, போர்ச்சுகலின் அலென்தேஜோ. லெஸ்வோஸ் இதற்கு வாகான தீவு. கிழக்கே மழை அதிகம். படிப்படியாகக் கல்வரப்பு கட்டி வைத்த ஆலிவ் தோப்புகள். மேற்கே போகப் போக மழை குறையும், எரிமலைப் பாறை மேல் மெல்லிய மண், ஆட்டு மந்தைகள், முள்புதர்கள். ஒரே தீவுக்குள் நல்ல நிலமும் நொந்த நிலமும் அருகருகே கிடைக்கின்றன.

இந்த முறை நிலத்திடம் நான்கு கேள்வி கேட்கிறது. மண் எப்படி? தட்பவெப்பம் எப்படி? மேலே வளர்வது எப்படி? மனிதர்கள் அதை நடத்துவது எப்படி? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 2 வரை மதிப்பெண். இங்கே பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு: 1 என்றால் மிக நல்லது, 2 என்றால் மிக மோசம்.

மண்ணைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஆறு அம்சங்களைப் பார்க்கிறார்கள்: அடிப்பாறை, மண்ணின் நயம் (மணலா, களிமண்ணா என்பது), ஆழம், சரிவு, வடிகால், மேலே கிடக்கும் கற்கள். ஆழம் 75 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 15-க்கும் குறைவு என்றால் மிக மோசமான மதிப்பெண். ஒரு சாண் மண்தான் இருக்கிறது என்றால் அதில் இரண்டு விரற்கடை போனாலும் வேர் பாறையைத் தொட்டுவிடும், மழைநீரைப் பிடித்து வைக்க இடமும் இருக்காது. சரிவு 6 சதவீதத்துக்குள் இருந்தால் 1, 18 வரை 1.2, 35 வரை 1.5, அதற்கு மேல் 2. நூறு அடி நடந்தால் ஆறு அடி ஏறுவதுதான் 6 சதவீதம். கண்ணுக்குக் கிட்டத்தட்டச் சமவெளி மாதிரித்தான் தெரியும்.

கற்கள் விஷயத்தில் ஒரு ஆச்சரியம். கல் நிறைந்த நிலத்துக்குத்தான் இந்த முறை நல்ல மதிப்பெண் தருகிறது. பரப்பில் 60 சதவீதத்துக்கு மேல் கல் என்றால் 1. கல்லே பெரிதாக இல்லை என்றால் 2. உழுகிறவருக்குக் கல் தலைவலி, உண்மைதான். ஆனால் மழைத்துளி நேராக மண்ணில் அறையாமல் கல் தடுக்கிறது, ஓடும் நீரின் வேகத்தை உடைக்கிறது, அடியில் இருக்கும் ஈரம் வெயிலில் போகாமல் மூடுகிறது. நிலத்தைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று கல் பொறுக்கி எறிந்த சரிவுகள் அதன்பின் வேகமாக அரிபடுவதற்கு இதுதான் காரணம்.

தட்பவெப்பத்தில் மூன்று: மழை, வறட்சியின் அளவு, சரிவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது. தெற்கு நோக்கிய சரிவில் அங்கே வெயில் அதிகம் படும், அதனால் அதற்கு மோசமான மதிப்பெண். தாவரத்தில் தீப்பிடிக்கும் வாய்ப்பு, அரிப்பைத் தடுக்கும் திறன், வறட்சி தாங்கும் திறன், நிலத்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்ற நான்கு. மூடாக்கு 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் நிலம் ஓரளவு தப்பித்தது என்பது கணக்கு. ஆலிவ் மரம் இதில் நல்ல பெயர் வாங்கும். அறுவடை முடிந்ததும் நிலத்தை வெறுமனே விடும் ஆண்டுப் பயிர்கள் வாங்காது.

நான்காவதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். நிலத்தை மனிதர்கள் எவ்வளவு கடுமையாக வேலை வாங்குகிறார்கள், அதைப் பாதுகாக்கச் சட்டமும் திட்டமும் இருந்தால் அவை உண்மையில் நடைமுறையில் இருக்கின்றனவா என்பது. மண் ஆழத்தை அளக்கலாம், இதை எப்படி அளப்பது? கிரேக்கத்தின் மேய்ச்சல் மலைகளில் ஐரோப்பிய மானியம் ஆட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வந்த காலத்தில் மந்தைகள் பெருத்தன. புல் பெருகவில்லை. அந்த மலையின் மண்ணும் மழையும் மாறவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸல்ஸில் ஒரு விதி வந்தது, மலை மொட்டையானது. நல்ல வரைபடம் இதையும் எண்ணாக மாற்றியாக வேண்டும். மேய்ச்சல் தாங்கும் அளவுக்கு மேல் எத்தனை ஆடு மேய்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்.

பெருக்கிப் பார்ப்போம்

நான்கு மதிப்பெண்ணும் வந்தபின் அவற்றைப் பெருக்கி, நான்காம் மூலம் எடுக்க வேண்டும். பள்ளிக் கணிதத்தில் வந்த பெருக்கல் சராசரிதான். கால்குலேட்டரில் பெருக்கிவிட்டு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் போதும். கணக்குக்காக ஒரு மேய்ச்சல் சரிவை எடுத்துக்கொள்வோம். மண் 1.6, தட்பவெப்பம் 1.5, தாவரம் 1.4, மேலாண்மை 1.5. பெருக்கினால் 5.04, மூலம் எடுத்தால் 1.50. கையேட்டின்படி 1.17-க்குக் கீழே இருந்தால் அச்சம் இல்லை. 1.22 வரை 'வாய்ப்பு உண்டு' வகை. 1.37 வரை நொய்மையான நிலம். அதற்கு மேல் ஆபத்தான நிலம். நம் சரிவு நன்றாகவே ஆபத்துக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது அதே சரிவில் ஆடுகளைக் குறைத்து, புதர் திரும்ப வளர விட்டால்? மண்ணும் தட்பவெப்பமும் அப்படியே இருக்கும், அவற்றை நம்மால் மாற்ற முடியாது. தாவரமும் மேலாண்மையும் 1.2-க்கு இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். 1.6, 1.5, 1.2, 1.2-ஐப் பெருக்கினால் 3.456, மூலம் 1.36. ஆபத்திலிருந்து நொய்மைக்கு வந்துவிட்டது. எனக்கு இந்த முறையில் பிடித்தது இதுதான்: எங்கே கை வைத்தால் நிறம் மாறும் என்று படத்திடமே கேட்டுப் பார்க்கலாம். நிலைமை வரைபடத்திடம் அதைக் கேட்க முடியாது.

பிடிக்காததும் ஒன்று உண்டு. மூன்று மதிப்பெண் 1, ஒன்று மட்டும் 2 என்று ஒரு நிலம் இருக்கட்டும். மண் அருமை, மழை அருமை, தாவரம் அருமை. ஆனால் மனிதர் நடத்துவது படுமோசம். 2-க்கு நான்காம் மூலம் 1.19. படத்தில் 'வாய்ப்பு உண்டு' என்ற இளம் நிறத்தோடு அது தப்பித்துவிடும். மூன்று நல்லவர்கள் சேர்ந்து ஒரு கெட்டவனை மறைத்துவிடுகிறார்கள். நிஜத்தில் ஒரே ஒரு காரணம் போதும் நிலத்தைக் கொல்ல. வடிகால் இல்லாத கால்வாய்ப் பாசனத்தில் உப்பு ஏறிய வயலுக்கு மற்ற எல்லாம் நன்றாக இருந்து என்ன பயன்?

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 15.3 நிலச் சீரழிவைப் பற்றியது. அதை அளக்கும் விதி இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. நிலத்தின் விளைதிறன், நிலப்போர்வை, மண்ணிலுள்ள கரிமம் என்று மூன்றைப் பார்க்கிறார்கள். மூன்றில் ஏதாவது ஒன்று சரிந்திருந்தாலும் அந்த நிலம் சீரழிந்தது என்று எழுதிவிடுவார்கள், மற்ற இரண்டும் உயர்ந்திருந்தாலும் சரி. அது மன்னிக்கவே தெரியாத விதி. இரண்டு முறைகளும் ஒரே மாவட்டத்துக்கு இரண்டு வேறு படங்களைத் தரும். இரண்டிலும் கணக்குப் பிழை இருக்காது.

ஊர் மாறினால் அளவுகோலும் மாறும்

லெஸ்வோஸ் கணக்கை அப்படியே தூக்கி ராமநாதபுரத்தில் வைத்தால் வேடிக்கையாக இருக்கும். அந்த முறையில் மழை 650 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் முதல் தரம், 280-க்குக் கீழே கடைசித் தரம். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி 800 மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஆக, தண்ணீர் இல்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டத்துக்கு மழைப் பாடத்தில் முழு மதிப்பெண். நம் மழை ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போவதையும், மீதி மாதங்களில் வெயில் உறிஞ்சுவதையும் அந்த 650 அறியாது. சரிவின் திசையும் அப்படித்தான். லெஸ்வோஸ் 39 பாகை வடக்கே இருக்கிறது, அங்கே சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கே சாய்ந்து போகும். கன்னியாகுமரி 8 பாகையில் இருக்கிறது, சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில். தெற்குச் சரிவுக்கும் வடக்குச் சரிவுக்கும் இங்கே அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடையாது.

அதனால் வேறு நாட்டில் இந்த முறையைக் கையாள்பவர்கள் எல்லைகளைத் தங்கள் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்; நிலத்தடி நீரின் உப்பு, மக்கள் அடர்த்தி, கால்நடை எண்ணிக்கை போன்றவற்றைச் சேர்ப்பவர்களும் உண்டு. மாற்றாமல் அப்படியே போட்ட வரைபடம் கிடைத்தால் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிகள் இன்னொரு சிக்கலைக் காட்டுகின்றன. சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ரத்தச் சிவப்பில் மணல்மேடுகள், நடுவே பனை. ஆடிக் காற்றில் அந்த மணல் நகரும். மதிப்பெண் போட்டால் மணல் நயம், மெலிந்த தாவரம் எல்லாம் சேர்ந்து தேரி மோசமான வகைக்குத்தான் போகும். ஆனால் யாரும் அதைக் கெடுத்துவிடவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று அள்ளிக் குவித்த இயற்கை நிலம் அது. பாதிப்பு வாய்ப்பு அதிகம் என்பது குற்றச்சாட்டு ஆகாது. ஓரத்தில் இருக்கும் பனையையும் முந்திரியையும் வெட்டினால் மணல் பக்கத்து வயலுக்குப் போகும் என்ற எச்சரிக்கையாகவே வரைபடத்தின் சிவப்பைப் படிக்க வேண்டும்.

மேலிருந்து பார்க்கும் கண்

மண் ஆழத்துக்குப் பழைய மண் வரைபடங்கள் இருக்கின்றன. இந்தியாவில் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் ஆய்வு நிறுவனம் அவற்றைத் தயாரிக்கிறது. சரிவுக்கு உயர வரைபடம். மழைக்கு வானிலைத் துறை. தாவரத்துக்குச் செயற்கைக்கோள்.

பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் மண் அப்படிச் செய்வதில்லை. இந்த இரண்டு ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீடு. செழித்த காட்டில் 1-ஐ நோக்கி ஏறும், வெறும் மண்ணில் 0-க்குப் பக்கத்தில் நிற்கும். 1980-களின் தொடக்கத்திலிருந்து உலகம் முழுவதற்கும் இந்தப் பதிவு இருக்கிறது.

எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதை நம் கணக்கிலேயே சொல்கிறேன். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். இஸ்ரோவின் 2016 தொகுப்புக்குப் பயன்பட்ட ஏ.வைஃப்ஸ் என்ற செயற்கைக்கோள் கேமராவின் படத்தில் ஒரு கட்டம் 56 மீட்டர். முக்கால் ஏக்கருக்குச் சற்று மேல். உலக அளவிலான ஆய்வுகளில் அடிக்கடி வரும் மோடிஸ் படத்தில் 250 மீட்டர், பதினைந்து ஏக்கர். இந்தப் பதினைந்து ஏக்கருக்குள் ஒரு கிணற்றுப் பாசன வாழைத்தோட்டமும், பக்கத்தில் கரடுதட்டிய தரிசும் இருந்தால் இரண்டும் கலந்து ஒரே எண்ணாகத்தான் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் வந்தபின் 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட் வரை இறங்கிவிட்டோம். ஆனால் அதன் பதிவு 2015-ல்தான் தொடங்குகிறது.

அது ஏன் குறை? ஏனென்றால் நிலம் கெடுகிறதா என்பதை ஒன்றிரண்டு வருடத்தில் சொல்ல முடியாது. இதற்கு சகாரா தந்த பாடம் பிரபலமானது. 1975-ல் ஹியூ லாம்ப்ரே என்ற சூழலியலாளர் சூடானில் பறந்தும் நடந்தும் பார்த்துவிட்டு, பழைய தாவர எல்லைக் கோட்டோடு ஒப்பிட்டு, பாலைவனம் ஆண்டுக்கு ஐந்தரை கிலோமீட்டர் தெற்கே வருகிறது என்றார். அந்த எண் உலகைச் சுற்றி வந்தது. இன்றும் மேடைகளில் வேறு வேறு உருவத்தில் கேட்கலாம். பின்னால் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே பகுதியில் தேடியபோது அப்படி ஒரு தொடர் படையெடுப்பு கிடைக்கவில்லை. 1991-ல் நாசா ஆய்வாளர் காம்ப்டன் டக்கரும் கூட்டாளிகளும் 1980 முதல் 1990 வரையிலான செயற்கைக்கோள் பதிவை வைத்துப் பார்த்தார்கள். சகாராவின் தெற்கு எல்லை முதல் நான்கைந்து வறட்சி ஆண்டுகளில் 200 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போயிருந்தது. மழை வந்ததும் ஒரே ஆண்டில் 100 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே திரும்பியது. எல்லை அலை மாதிரி வந்து வந்து போகிறது. எந்த இரண்டு ஆண்டுகளை எடுத்து ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் தலைப்பு மாறிவிடும்.

இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ஆண்டும் பெய்த மழைக்கு எவ்வளவு பசுமை வந்திருக்க வேண்டும் என்று முதலில் கணக்கிடுவார்கள். வர வேண்டியதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனால், மழை நன்றாகப் பெய்தும் நிலம் பதில் சொல்லவில்லை என்று பொருள். வறட்சியும் சீரழிவும் பிரியும் இடம் அது. வறண்ட நிலம் மழை வந்தால் எழுந்துவிடும். சீரழிந்த நிலம் எழாது.

பச்சை எல்லாம் நல்லதல்ல

இன்னொரு பொறி நமக்கு நன்றாகத் தெரிந்தது. தென்மாவட்டக் கண்மாய்களிலும் தரிசுகளிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கும், வேர் அவ்வளவு ஆழம். மேலிருந்து பார்க்கும் கருவிக்கு அது வெறும் பச்சை. இருபது வருடத்துக்கு முன் மேய்ச்சல் புல்லும் உடைமரமும் இருந்த இடத்தை இன்று முள்காடு மூடியிருந்தால், பசுமைக் குறியீடு ஏறியிருக்கும். படம் 'முன்னேற்றம்' என்று நீலமோ பச்சையோ பூசிவிடும். ஆடு மேய்க்கிறவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். கருவேல விறகையும் கரியையும் நம்பிப் பிழைக்கும் குடும்பத்தைக் கேட்டால் மூன்றாவது கதை கிடைக்கும். எது சீரழிவு என்பதில் மனிதர்களின் தீர்ப்பும் கலந்திருக்கிறது.

1990-ல் வந்த முதல் உலகளாவிய சீரழிவு வரைபடமான கிளாசோட் பெரிதும் அந்தந்த வட்டார நிபுணர்களின் கருத்தைக் கேட்டு வரையப்பட்டது. 2018-ல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட உலகப் பாலைவனமாதல் வரைபடத் தொகுப்பின் மூன்றாம் பதிப்பு அப்படி ஒரே படமாக வரைவதையே கைவிட்டது. மக்கள் அடர்த்தி, பாசனம், உரம், காடழிப்பு, வறட்சி என்று பல அழுத்தங்களைத் தனித்தனியாக வைத்து, எங்கே பல அழுத்தங்கள் ஒன்றாக விழுகின்றன என்று மட்டும் காட்டியது. சிலர் இதைப் பின்வாங்கல் என்பார்கள். எனக்கு நேர்மையாகவே படுகிறது.

காலால் பார்ப்பது

எந்தப் படத்தையும் களத்தில் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. படத்தில் சில இடங்களைக் குறித்துக்கொண்டு ஜி.பி.எஸ்.ஸோடு போய் இறங்குவார்கள். தேடுவது பெரிய விஷயங்களை அல்ல. புல் குத்தின் அடியைப் பாருங்கள்: சுற்றியுள்ள மண் போய், வேரோடு பிடித்த மண் மட்டும் சின்ன மேடையாக நிற்கிறதா? அந்த மேடையின் உயரம்தான் இழந்த மண்ணின் அளவு. வேலிக்காலில் பழைய மண் மட்டம் ஒரு கறையாகத் தெரிகிறதா? மேலே சரளை மட்டும் மிஞ்சியிருந்தால், நயமான மண் அடித்துப் போய்விட்டது என்று அர்த்தம். விரல் நுழையும் அளவு ஓடைக் கீறல்கள் உழவில் மறைந்துவிடும். ஆள் இறங்கும் பள்ளமாகிவிட்டால் டிராக்டர் உள்ளே போகாது. மத்தியப் பிரதேசத்தின் சம்பல் ஆற்றங்கரையில் இந்தப் பள்ளங்களே ஒரு நிலப்பரப்பாகிவிட்டன.

வயலில் வெள்ளை பூத்திருந்தால் உவர். ஈரம் காய்ந்ததும் பாளம் பாளமாக இறுகித் தண்ணீர் இறங்காமல் நின்றால் களர். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு: உவரை நல்ல நீர் விட்டுக் கழுவி வடிக்கலாம், களருக்கு முதலில் ஜிப்சம் வேண்டும். வானத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெளிறிய திட்டுகளாகத் தெரிந்து ஏமாற்றும்; மண்ணை எடுத்து பி.எச். (அமில, காரத் தன்மை) பார்த்தால்தான் பிரியும். இதனால்தான் களப்பணி இல்லாத வரைபடம் உப்பு நிலங்களில் அதிகம் தவறுகிறது.

நீங்களே பார்க்க

இஸ்ரோவின் புவன் தளத்திலும், அகமதாபாத் மையத்தின் வேதாஸ் தளத்திலும் நிலச் சீரழிவு அடுக்குகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பார்க்கும்போது அளவுத்திட்டத்தைக் கவனியுங்கள். நாடு முழுவதற்குமான 2016 தொகுப்பு 1-க்கு 5 லட்சம் என்ற அளவில் வரையப்பட்டது. படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 5 கிலோமீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எல்லைக்கோடே தரையில் 250 மீட்டர் அகலம். அதில் உங்கள் மாவட்டத்தைப் பற்றிக் கேட்கலாம். 2018-ல் வந்த தொகுப்பு, தேர்ந்தெடுத்த மாவட்டங்களுக்கு 1-க்கு 50 ஆயிரம் அளவில் இறங்கியது. ஒரு சென்டிமீட்டர் 500 மீட்டர். அதில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பற்றியோ, ஒரு கிராமத் தொகுப்பைப் பற்றியோ கேட்கலாம். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு பெரிதாகுமே தவிரத் தகவல் கூடாது.

உங்கள் சர்வே எண்ணைப் பற்றி இரண்டிடமும் கேட்க முடியாது. அதற்கு வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. 'வி' வடிவத்தில் குழி வெட்டி எடுத்த மாதிரியைக் கொடுத்தால் பி.எச்., உப்பு, கரிமம் மூன்றும் கையில் வந்துவிடும். மண் ஆழத்துக்குக் கடப்பாரை போதும், சரிவுக்கு ஒரு ரசமட்டமும் கயிறும். கல் எவ்வளவு கிடக்கிறது, மாசியில் எவ்வளவு நிலம் மூடாக்கோடு இருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்லிவிடலாம். மேலாண்மைக்கு எத்தனை மதிப்பெண் என்பதை மட்டும் பக்கத்து வயல்காரரை விட்டுப் போடச் சொல்லுங்கள்.